பார்லி ஊறப்போடும் பெட்டி

1

இவர் குடியை விட்ட நாளை எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். ஆனால் அது என்ன நாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இவர் வேலை முடிந்து வரும்போது ஒரு எலுமிச்சைக் கேக் வாங்கி வருவார். நான் இடியப்பம் அவித்து இறால் பொரிப்பேன். மகள் மயூரி எங்கே நின்றாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவாள். சாப்பிட்டு, கேக்கை வெட்டி, ஊர்ப் புதினம் கதைத்துவிட்டு எழும்பிவிடுவோம். வெளியாள் பார்த்தால் யாருக்கோ பிறந்தநாள் என்றுதான் நினைப்பார்.

இந்த வருடம் கேக் வெட்டிய கையோடு மயூரி சொன்னாள்:

“அப்பா, நான் பியர் செய்யப்போறன்.”

இவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தபடியே இருந்தார்.

“வாங்கிறேல்லை, செய்யிறது. பார்லியிலையிருந்து முழுக்க நானே. அதுக்கு முதல் ஒரு மாஷ் டன் வேணும். நீங்கள்தான் என்னோடை வந்து பாத்து எடுத்துத் தரவேணும்.”

எனக்கு ‘மாசு’ என்று கேட்டது. பிறகுதான் விளங்கப்படுத்தினாள். முளைகட்டிக் காயவைத்துப் பொடித்த பார்லியைச் சுடுதண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறப்போடுகிற பாத்திரமாம். அந்தச் சூடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்போதுதான் தானியத்தின் மா சீனியாக மாறும். பிறகு அடியில் இருக்கிற துளைத்தட்டு வழியாக இனிப்புத் தண்ணீரை வடித்தெடுக்க வேண்டும்.

“உனக்கு வேறை நாள் கிடைக்கேல்லையோ?” என்றேன்.

“இண்டைக்குத்தான் சொல்லவேணும், அம்மா. இந்த வீட்டிலை அந்தச் சொல்லை வாயிலை எடுக்கேலாது. எனக்கு இருபத்தைஞ்சு வயசு. வேலையிடத்து ஆக்களோடை சேந்து பியர் வடிக்கிறன், வீட்டிலை வந்து நீந்தப் போனனான் எண்டு சொல்லுறன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பொய். எனக்குக் களைச்சுப் போச்சு.”

நான் எழும்பிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன். அவற்றைக் கழுவக் குழாயைத் திறந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் இவருடைய குரல் கேட்டது.

“எவ்வளவு சூடு நிக்கவேணும்?”

“அறுபத்தாறு பாகை, அப்பா.”

“ம்.”

அவ்வளவுதான். ஆனால் அந்த ‘ம்’ என்ற சத்தத்தோடு என் நித்திரை போனது.

2

ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள்: ஒரு பியருக்கு இவ்வளவு பயமோ? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சிவநேசன் என்ற இந்த மனுசன் யாழ்ப்பாணத்தில் சோடாவைத் தவிர எதையும் தொட்டதில்லை. அகதி விண்ணப்பத்தோடு இந்த நாட்டுக்கு வந்தவரை, மலையூரான டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவ விட்டார்கள். மேசைகளிலிருந்து வரும் கிளாசுகளில் மிச்சம் இருக்கும். ஒரு கிளாசில் ஒரு மிடறு. வெளியே ஆளுயரப் பனி. அறையில் நாலு பேர், ஒருவருக்கும் வழக்கு முடிவு வரவில்லை. கடிதம் வரும்வரை நேரத்தை எப்படியாவது கொல்ல வேண்டும். நான் கலியாணம் செய்து வந்து இறங்கியபோது இவருக்கு அந்த மிடறு போத்தலாகிவிட்டது.

பிறகு பிரெஞ்சு பேசுகிற லோசான் நகரத்துக்கு வந்தோம். மயூரி பிறந்தாள். நான் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போனேன். இவர் வேலைக்குப் போவார், போகமாட்டார். வந்தால் கதவு திறக்கத் தெரியாமல் நிற்பார். ஒருநாள் நான் வேலையில் நிற்க, பொலிஸ்காரர் இருவர் இவரைத் தாங்கிக்கொண்டு வந்து மணி அடித்திருக்கிறார்கள். திறந்தது எட்டு வயது மயூரி. அவர்கள் கேட்டதற்கெல்லாம் நல்ல பிரெஞ்சில் மரியாதையாகப் பதில் சொல்லி, அப்பாவின் சப்பாத்தைக் கழற்றிப் படுக்கவைத்துவிட்டு, நான் வந்தபோது என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மேல்வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இவரோடு டாவோஸில் ஒரே அறையில் இருந்த ராசன் என்ற நண்பர் ஈரல் கெட்டு இறந்தார். சவ அடக்கத்தை ஒழுங்கு செய்கிறவர் எங்களிடம் வந்து, ‘மீஸ் ஆன் பியேர்’ காலையில் நடக்கும் என்றார். குடித்துச் செத்த மனிதனைப் பியருக்குள் வைக்கப்போகிறோம் என்றா இந்த ஆள் சொல்கிறான்? சண்டைக்குப் போய்விட்டேன். பிரெஞ்சில் பியருக்கும் பிரேதப்பெட்டிக்கும் ஒரே சொல், பிரேதத்தைப் பெட்டியில் வைப்பதையே சொன்னேன் என்று அந்த மனிதர் முகம் சிவக்க விளங்கப்படுத்தினார். இவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வந்த வாரத்தில்தான் குடியை விட்டார்.

தனியாக விடவில்லை. குடியை விட்டவர்கள் கூடுகிற குழு ஒன்றுக்கு ஒவ்வொரு கிழமையும் போனார். எல்லோரும் பிரெஞ்சு பேசுகிறவர்கள். இவர் பிரெஞ்சு பழகியதே அங்கேதான். ‘வரிப்பத்திரம்’ என்ற சொல் தெரியுமுன் ‘மறுபடி விழுதல்’ என்ற சொல் இவருக்குத் தெரியும்.

பிரஜாவுரிமை நேர்முகத்தில் இருந்த அதிகாரி அம்மா, இந்த மாநிலம் எதற்குப் பேர்போனது என்று கேட்டார். இவர் ஏரி என்றார், சீஸ் என்றார். இன்னும் ஒன்று இருக்கிறதே என்று அந்த அம்மா யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். மலைச்சரிவு முழுக்க முந்திரிகைத் தோட்டம், வைன் பிழிகிற திராட்சை. வைன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இவர் வேர்த்துப்போய், “பழம்” என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படிச் சொல்லைக்கூட வாயால் தொடாமல் காத்த வீட்டுக்குள்தான் மகள் தொட்டி கொண்டுவரப் பார்த்தாள்.

3

அடுத்த நாட்களில் இவர் ஃபோனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோகும் சாட்டில் எட்டிப் பார்ப்பேன். ஒரு தாடிக்காரன் உருக்குப் பானைக்குள் தானியத்தைக் கொட்டித் துழாவுவான். இன்னொருவன் சுற்றுலாவுக்குக் கொண்டுபோகிற குளிர்ப்பெட்டிக்கு அடியில் துளை போட்டுக் குழாய் பூட்டுவான்.

“இஞ்சருங்கோ, இதை ஏன் பாக்கிறியள்?”

“குடிக்கிறதைப் பாக்கேல்லை. சூடு பிடிக்கிறதைப் பாக்கிறன்.”

“ரெண்டும் ஒரு வீடியோவிலைதானே வருது?”

“அந்த இடம் வந்தா நிப்பாட்டிப்போடுவன்,” என்றார். உண்மையாகவே நிறுத்தினார். நான் கதவு இடுக்கால் பார்த்தேன்.

மயூரியிடம் தனியாகச் சொன்னேன். “உனக்கு விளையாட்டு. அந்த மனுசனுக்கு உயிர்.”

“எனக்கும் தெரியும், அம்மா. கதவைத் திறந்தது நான்,” என்றாள். இத்தனை வருடத்தில் அதை அவள் சொன்னது அன்றுதான்.

சனிக்கிழமை கடைக்குப் புறப்பட்டார்கள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். “நீர் ஏன்?” என்று இவர் கேட்டார். “சும்மா,” என்றேன்.

ஊருக்கு வெளியே தொழிற்சாலைகள் இருக்கிற பக்கம், பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில் கடை. வீட்டில் பியர் செய்கிறவர்களுக்கென்றே நடத்துகிறார்கள். ஒரு சுவரில் உருக்குப் பானைகள். எதிரே குளிர்ப்பெட்டிகள்; சூட்டையும் அவை விடாமல் பிடிக்குமாம். நடுவில், சூட்டைத் தானே பார்த்துக்கொள்கிற மின்சார இயந்திரம். மயூரி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. “அது செய்தா நான் என்னத்துக்கு?” என்றாள்.

அவளுக்கு உருக்குப் பானைதான் வேண்டும். “இதுக்குச் சூடு குறைஞ்சா அடியிலை திரும்பவும் சூடாக்கலாம், அப்பா. பெட்டியெண்டா ஒருக்கா மூடினது மூடினதுதான். பிழைச்சாத் திருத்தேலாது.”

இவர் பானையை விரலால் தட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தார். இப்போது இவர் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமைக்கிறார். பானை என்றால் முகம் மாறும். “ஓம், அடி மொத்தமாய்த்தான் கிடக்கு. ஆனா தானியம் அடிப்பிடிக்கும். விடாமல் துழாவிக்கொண்டு நிக்கவேணும்.”

“நிப்பன்.”

“சுடுதண்ணியைப் பிளாஸ்டிக் பெட்டிக்கை விடுறது எனக்குப் பிடிக்கேல்லை,” என்று நானும் பானைப் பக்கம் சேர்ந்தேன். மூவரும் ஒரே கருத்தில் நின்றது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு நிமிடம், தாச்சிச்சட்டி வாங்க வந்த சாதாரணக் குடும்பம் போல இருந்தோம்.

அப்போதுதான் கடைக்காரப் பெடியன் பக்கத்து மேசையில் ஒரு பையைக் கிழித்தான். உள்ளே பச்சைநிறச் சின்ன உருண்டைகள். பியருக்குக் கசப்பும் வாசமும் கொடுக்கிற ஹொப் என்ற பூவை அரைத்து உருட்டியது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, நல்ல மனத்தோடு, இவருடைய முகத்துக்கு நேரே நீட்டினான்.

மணம் எனக்கும் வந்தது. இவருடைய கழுத்து நரம்பு எழும்பியதைக் கண்டேன். பானை மூடியை ஒரு சத்தமுமில்லாமல் வைத்தார். திரும்பினார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மயூரி என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டேன்.

வீதிக்கு அந்தப் பக்கம் பஸ் தரிப்பிடத்தில் நின்றார். கைகள் இரண்டும் காற்சட்டைப் பைக்குள். வீதியின் முனையில் ஒரு மதுச்சாலையின் பெயர்ப்பலகை தெரிந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். தொடவில்லை. மயூரி எங்களுக்குப் பின்னால் வந்து, “அப்பா, வீட்டை போவம். வேண்டாம்,” என்றாள்.

“பொறு,” என்றார். மூச்சு எடுத்தார். “மணம் வந்தது. வாய் ஊறினது. அதான் வெளியாலை வந்தனான். வேறையொண்டுமில்லை.”

மகளிடம் இவர் தன் குடியைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தைகள் இவைதான்.

“அந்தப் பச்சை உருண்டை எப்ப போடுவாய்?”

“வடிச்செடுத்த தண்ணியைக் கொதிக்க வைக்கேக்க.”

“ஊறப்போடேக்க இல்லையோ?”

“இல்லை. அப்ப வெறும் பார்லியும் தண்ணியும். கஞ்சி மாதிரி. வெறி ஏத்துற சாமானெல்லாம் கடைசியிலை, ஈஸ்ட் போட்ட பிறகுதான்.”

இவர் வீதியைப் பார்த்தபடி சொன்னார்: “அப்ப வடிச்சு முடியுமட்டும் நான் நிக்கிறன். அதுக்குப் பிறகு நிக்கமாட்டன். விளங்குதோ?”

“விளங்குது, அப்பா.”

“பெட்டியை எடுப்பம். பானையெண்டா ஒரு மணித்தியாலமும் திறந்து வைச்சு ஆவியிலை நிக்கவேணும். கஞ்சியெண்டு நீ சொல்லுறாய். என்ரை மூக்குக்கு அது தெரியுமோ எண்டு எனக்குத் தெரியேல்லை. பெட்டியெண்டா மூடலாம்.”

பானையைத்தான் எடுக்க வேண்டும் என்பதற்கு மயூரியிடம் எத்தனையோ நியாயங்கள் இருந்தன. மாதக்கணக்காகப் படித்தவள். ஒன்றையும் சொல்லவில்லை. திரும்பப் போய் நீலநிறப் பெட்டி ஒன்றை, குழாயும் துளைத்தட்டுமாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தாய் என்றபடியால் அவள் அழுவது எனக்குத் தெரிந்தது.

4

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற அறை நிலத்தடியில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். அந்த நாளில் அறை எங்களுக்குச் சொந்தம். தண்ணீர்க்குழாய், வடிகால், மின்சாரம் எல்லாம் உண்டு. நான் எவ்வளவோ மறுத்தும், எங்கள் தோய்க்கும் நாளில் தகப்பனும் மகளும் பெட்டியோடு கீழே இறங்கினார்கள். சாட்டுக்கு நான் ஒரு கூடை உடுப்பை மெசினில் போட்டேன். கட்டடக் காவலாளி எட்டிப் பார்த்தால் தோய்க்கிறோம் என்று சொல்லலாமே.

மயூரி மின்சார அண்டாவில் சுடுதண்ணீரைத் தயாராக்கிப் பெட்டிக்குள் விட்டாள். இவர் தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட, அவள் கட்டிபடாமல் கிண்டினாள். உப்புமாவுக்கு ரவை போடுவதுபோல இருந்தது. வெப்பமானியை விட்டுப் பார்த்து, “சரி, மூடுங்கோ” என்றாள். இவர் மூடியை அழுத்தி மூடினார். நான் இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னை ஏன் பாக்கிறீர்? பெட்டியைப் பாரும்,” என்றார்.

ஒரு மணித்தியாலம் மூவரும் மூடியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மெசின் சுற்றியது. தகப்பனும் மகளும் மூடிக்கு வெளியே வயர் விட்ட வெப்பமானியை அடிக்கடி பார்த்தார்கள். பெட்டி சூட்டை விடவில்லை. மயூரி மெதுவாக, “பானையை விட இது நல்லம்தான் போலை,” என்றாள். இவர் சிரித்தார்.

பிறகு குழாயைத் திறந்தாள். கருங்கோப்பி நிறத்தில் கொஞ்சம் ஓடியது. மெலிந்தது. சொட்டியது. நின்றுவிட்டது.

“அடைச்சிட்டுது,” என்றாள் மயூரி. “தானியத்தை நல்லா மாவாக்கிப்போட்டாங்கள். தட்டிலை அப்பிக்கொண்டுது. இப்பிடியே கிடந்தாச் சூடு இறங்கிப்போம். எல்லாம் வீண்.” பெட்டியைத் தட்டினாள், சரித்தாள். பிரெஞ்சில் ஏதோ திட்டினாள்.

“குழாய்க்காலை பின்னுக்கு ஊதினா அடைப்பு விடும்,” என்று இவர் குனிந்தார். ரப்பர்க் குழாயின் முனையைக் கையில் எடுத்தார். முனையில் ஒரு துளி தொங்கியது. அதை வாய்க்குக் கொண்டுபோனார்.

“வேண்டாம்!” நான் கத்திய கத்தலில் அறை அதிர்ந்தது.

“அம்மா, அதிலை ஒண்டுமில்லை, வெறும் சீனித்தண்ணி,” என்றாள் மயூரி. ஆனால் அவளும் ஒரு அடி முன்னுக்கு வந்தாள்.

இவர் அசையாமல் நின்றார். குழாய் முனைக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு சாண் இல்லை. கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். இவர் நிமிர்ந்து, குழாயை என்னிடம் நீட்டினார்.

“நீர் ஊதும்.”

நான் ஊதினேன். கன்னம் வலிக்க, கண்ணில் நீர் வர ஊதினேன். உள்ளே கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. திடீரென்று எதிர்ப்பு விட்டது. குழாயை எடுக்குமுன் வாய்க்குள் ஒரு மிடறு வந்துவிட்டது. இளஞ்சூடாக, சீனிப்பாணித் தண்ணீர் போல, பயப்பட ஒன்றுமில்லாத இனிப்பு. மயூரி குழாயைப் பிடுங்கி வாளிக்குள் விட்டாள். தெளிவாக, கயிறுபோல ஓடத் தொடங்கியது.

“ஓடுது! அம்மா, ஓடுது!” என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். பெரியவளான பிறகு அவளாக வந்து கட்டிப்பிடித்தது குறைவு.

கடைசித் துளி வடிந்ததும் இவர் கையைக் கழுவினார். “என்ரை வேலை முடிஞ்சுது. நான் மேலை போறன்,” என்றார். சொன்னபடியே போனார். மயூரி அண்டாவைக் கொதிக்கவிட்டாள். நான் தோய்த்த உடுப்பை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

வீடு பூட்டியிருந்தது. உள்ளே யாருமில்லை. இவருடைய ஃபோன் மேசையில் கிடந்தது.

5

படியால் இறங்கி ஓடினேன். என் முகத்தைக் கண்டதுமே மயூரி அண்டாவின் வயரைப் பிடுங்கினாள். பச்சை உருண்டைப் பை இன்னும் கிழிக்கப்படாமல் கிடந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் ரெயில் நிலையப் பக்கம் மதுச்சாலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே போய் வரும்போதெல்லாம் தலையை ஆட்டுவாள். இல்லை. அடுத்தது. இல்லை. நாலாவதில், இவர் போட்டிருந்ததுபோலக் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதாக வேலைக்காரி சொன்னாள். உள்ளே வந்தாரோ? தெரியாது என்றாள்.

“அம்மா, நான் செய்தது பிழையோ?”

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுப் பக்கம் திரும்பி ஏறும்போது, எதிரே இருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் குடியை விட்டவர்கள் குழுவிலுள்ள ரெனே என்ற வயதான மனிதர். மற்றவர் இவர். இருவரின் கையிலும் கடதாசிக் கோப்பையில் கோப்பி. நான் கிட்டப் போய் இவருடைய மூச்சை மணந்தேன். வெட்கமில்லாமல், நடுத்தெருவில். கோப்பிதான்.

இவர் மகளைப் பார்த்துக் கதைத்தார். தமிழில் தொடங்கி, சொல் வராமல், பிரெஞ்சுக்கு மாறினார். கீழே உன்னோடு நின்றமட்டும் எனக்கு ஒன்றுமில்லை. மேலே வந்து தனியே இருந்ததும் பயம் பிடித்தது. கால் தானாக ரெயில் நிலையத்துக்குப் போனது. ஒரு வாசலில் நின்றேன். கதவு இரண்டுமுறை திறந்து மூடியது. உள்ளே போகாமல் ரெனேயின் வீட்டுக்கு நடந்தேன். இவ்வளவும் நிறுத்தி நிறுத்தி, மனுக் கொடுக்கிறவர் போலச் சொன்னார்.

மயூரி தமிழில் பதில் சொன்னாள். “நான் எல்லாத்தையும் ஊத்திப்போடுறன், அப்பா.”

“ஊத்தாதை. நல்லா வந்தது. நீ செய்தது. ஆனா இந்த வீட்டிலை வேண்டாம், பிள்ளை. என்னாலை ஏலாது.”

அன்று பின்னேரமே அவளுடைய வேலையிடத்து நண்பி காரில் வந்து வாளிகளையும் பெட்டியையும் ஏற்றிப் போனாள். இரண்டு மாதத்தில் மயூரி பக்கத்து ஊரான ரெனோனில் ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. சனிக்கிழமைகளில் எங்கே போகிறாள், என்ன செய்கிறாள் என்று உண்மையைச் சொல்லுகிறாள். நீந்தப் போனேன் என்று அவள் பொய் சொல்லிக்கொண்டு எங்களோடு இருந்த காலமே நல்லது என்று சில நேரம் தோன்றும். அப்படி நினைக்கக்கூடாதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக அவளுடைய வீட்டுக்குப் போனோம். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இவர் வாசற்கம்பளத்திலேயே நின்றுவிட்டார்.

“வாங்கோ, அப்பா.”

“போத்திலெல்லாம் எங்கை?”

“கீழை, நிலவறையிலை. பூட்டியிருக்கு.”

“திறப்பு எங்கையெண்டு எனக்கு ஒருநாளும் சொல்லாதை. நான் கேட்டாலும் சொல்லாதை.”

மயூரி தகப்பனை நேரே பார்த்தாள். “ஓம், அப்பா. சொல்லமாட்டன்.”

அதற்குப் பிறகுதான் இவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.